கிராமத் தொழில்களுக்கு ஒரு பொருட்காட்சி சாலை

பொருட்காட்சி சாலை என்றதும் நம்மில் பெரும்பாலோர் மனத்தில் தோன்றுவது 1851ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சென்னை அரசினர் பொருட்காட்சி சாலையே. அங்குள்ள செப்புத் திருமேனிகளையும் அமராவதிச் சிற்பங்களையும் கண்டு வியந்து ஊர் திரும்பும் கிராமவாசி, தன் மாட்டுக் கொட்டிலின் மூலையில் சாய்ந்து கிடக்கும் மரக் கலப்பையை அவற்றோடு சேர்த்து எண்ணிப் பார்ப்பதில்லை. நாள்தோறும் கையில் எடுத்த பொருளை யார்தான் அரிய பொருளென்று கருதுவர்? இக்காலத்தில் வழங்கும் ‘அருங்காட்சியகம்’ என்னும் சொல்லே இவ்வகையில் நம்மைச் சிறிது வழி தப்பச் செய்கிறது என்பது என் கருத்து. அரியன எவையோ அவற்றைக் காக்க வேண்டுமென்று அச்சொல் கூறுகிறது. ஆனால் எல்லோர் வீட்டிலும் இருந்த பொருளே சுவடின்றி முதலில் மறைகிறது. அதனைக் காக்க வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றாமையே அதற்குக் காரணம்.

மின்சாரப் பம்பு செட்டு வந்தது. கவலையும் ஏற்றமும் நின்றன. டிராக்டர் வந்தது, ஏரும் நுகத்தடியும் பரணேறின. அரவை ஆலை வந்தபின் உரலும் உலக்கையும் திருகையும் முற்றத்தின் ஓரத்திற்குப் போயின. இம்மாற்றங்களுக்காக வளர்ச்சித் துறையில் பணியாற்றும் நாம் கண்ணீர் விடுவது நேர்மையாகாது. இவற்றைக் கொண்டுவருவதற்கு நம் துறையே முன்னின்று பாடுபட்டது. விடியுமுன் எழுந்து நெல் குத்திய பெண்மணியிடம் சென்று, உலக்கை மறைந்ததே என்று வருந்துகிறாயா எனக் கேட்டால், அவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். பழைய கருவியை மீண்டும் வழக்கிற்குக் கொண்டுவருதல் இங்கு நோக்கமன்று. ஒரு தலைமுறைக்கு முன்வரை இவ்வூர் எவ்வாறு உண்டது, உழைத்தது, அளந்தது, கூலி கொடுத்தது என்பதை அடுத்த தலைமுறை கண்ணால் காண ஒரு வழி வேண்டும் என்பதே இங்குப் பொருள். இப்பொழுது நிகழ்வது யாதெனில், பித்தளையும் நல்ல மரவேலைப்பாடும் உடையவை பழம்பொருள் வியாபாரிகளின் கைக்குச் செல்கின்றன. காரைக்குடியில் இத்தகைய கடைகள் வரிசையாக அமைந்த தெருவே உண்டு. ஏனைய இரும்பு எடைக்குப் போகிறது. மரம் அடுப்பிற்குப் போகிறது. அவற்றைக் கையாளத் தெரிந்த முதியோர் மறையும்போது, எஞ்சிய பொருளும் பெயர் தெரியாத கட்டையாகி விடுகிறது.

இத்தகைய முயற்சி புதியதன்று. சுவீடன் நாட்டில் ஆர்தர் ஹசேலியுஸ் என்பார் 1872ஆம் ஆண்டில் டாலர்னா என்னும் பகுதியில் பயணம் செய்தபோது, குடியானவர்களின் உடையும் வீட்டுப் பொருள்களும் கண்ணெதிரே வழக்கொழிவதைக் கண்டார். உடனே சேகரிக்கத் தொடங்கி, மறு ஆண்டே ஸ்டாக்ஹோம் நகரில் அவற்றைக் காட்சிக்கு வைத்தார். பொருள்களை மட்டும் அறைக்குள் அடுக்கினால் போதாது, அவை இருந்த வீட்டையும் காட்ட வேண்டும் என்று பின்னர் அவருக்குத் தோன்றியது. ஆகவே பல ஊர்களிலிருந்து குடியானவர் வீடுகளைக் கட்டை கட்டையாகப் பிரித்துக் கொணர்ந்து, ஒரு குன்றின் மேல் மீண்டும் நிறுத்தி, 1891 அக்டோபர் 11ஆம் நாள் ‘ஸ்கான்சன்’ என்னும் திறந்தவெளிப் பொருட்காட்சி சாலையைத் திறந்தார். சில ஆண்டுகளுக்கு முன்பே நார்வேயில் இது சிறிய அளவில் நடந்ததுண்டு. எனினும் ஸ்கான்சனே உலகிற்கு முன்மாதிரியாயிற்று. இன்று அங்கு ஏறத்தாழ 150 கட்டிடங்கள் உள்ளன. போலந்து முதலிய நாடுகளில் எந்தத் திறந்தவெளிப் பொருட்காட்சி சாலையையும் ‘ஸ்கான்சன்’ என்றே பொதுப்பெயராக அழைக்கின்றனர்.

நமது நாட்டில் இதனின் வேறான ஒரு நோக்கத்துடன் எழுந்த நிலையத்தை இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். 1934 டிசம்பரில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் வார்தாவில் நிறுவப்பெற்றது. ஜம்னாலால் பஜாஜ் அளித்த தோட்டத்தில், காந்தியடிகளின் உறவினரும் காதிப் பணியில் உடல் தேய உழைத்தவருமான மகன்லால் காந்தியின் பெயரால் ‘மகன்வாடி’ அமைந்தது. அச்சங்கத்தை நடத்தும் பொறுப்பை ஏற்றவர் தமிழர். 1892இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. இலண்டனில் கணக்காயர் பயிற்சியும் அமெரிக்காவில் பொருளாதாரக் கல்வியும் பெற்ற அவர், செக்கையும் கையால் செய்யும் காகிதத்தையும் தேனீப் பெட்டியையும் பனை வெல்லத்தையும் ஆராய்ச்சிக்குரிய பொருள்களாகக் கொண்டார். அங்கு அமைந்த பொருட்காட்சி சாலையைக் காந்தியடிகள் 1938 டிசம்பர் 30ஆம் நாள் திறந்து வைத்தார். அது இன்றும் இயங்கி வருகிறது.

வார்தாவின் நோக்கம் மறைந்ததைப் பாதுகாத்தலன்று, வாழ்வதை மேம்படுத்துதல். வரும் கிராமத்தான் அங்குள்ள செக்கைப் பார்த்து, தன் ஊர்ச் செக்கிற்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்து, திரும்பிச் சென்று தன்னுடையதைத் திருத்திக்கொள்ள வேண்டும். புகை குறைந்த அடுப்பும் தாவர எண்ணெயில் எரியும் விளக்கும் அக்காலத்தில் மகன்வாடியில் உருவாக்கப்பெற்றன. குமரப்பா தமது இறுதி ஆண்டுகளைத் தே. கல்லுப்பட்டிக் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்து, 1960 ஜனவரி 30ஆம் நாள் மறைந்தார். மதுரைப் பக்கத்து ஊழியர்களில் பலர் அவ்வாசிரமத்தின் வழியே சென்றும் இச்செய்தியை அறியாதிருப்பதைக் கண்டிருக்கிறேன்.

நமது மாநிலத்தில் நேரில் கண்டு பயிலத்தக்க இடம் சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ரா. 1984இல் தொடங்கிய சென்னைக் கைவினை அறக்கட்டளையின் முயற்சியால் உருவாகி, 1996 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பெற்றது. பத்து ஏக்கர் பரப்பில் தமிழ்நாடு, கேரளம், கருநாடகம், ஆந்திரம் ஆகிய பகுதிகளின் பழைய வீடுகள் அங்கு உள்ளன. இடிக்கப்படவிருந்த வீடுகளை விலைக்கு வாங்கி, தூணுக்கும் உத்தரத்திற்கும் எண்ணிட்டுப் பிரித்து, ஆங்காங்கே உள்ள தச்சரையும் கொத்தரையும் அழைத்து வந்து மீண்டும் கட்டினர். செட்டிநாட்டு வணிகர் வீட்டிற்கும் பட்டு நெசவாளர் வீட்டிற்கும் உள்ள வேறுபாடு செல்வத்தின் வேறுபாடு மட்டுமன்று என்பதை அங்கு நடந்து பார்த்தாலொழிய உணர முடியாது. நெசவாளர் வீட்டில் தறிக்குழியே வீட்டின் நடுவிடம். மனிதர் அதனைச் சுற்றி எஞ்சிய இடத்தில் வாழ்ந்தனர். ஊராட்சித் தலைவர்களும் ஆசிரியர்களும் குழுவாகச் சென்று ஒரு பகல் முழுவதும் தங்கிப் பார்த்து வருதல் நன்று. சிற்றுண்டி முடிந்ததும் பேருந்தில் ஏறிவிடும் சுற்றுலாவாக அது அமைந்துவிடலாகாது.

எனினும் வீடுகளைப் பெயர்த்துக் கொணர்வது ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் ஆற்றலுக்குட்பட்டதன்று. நம்மால் இயல்வது சிறியது. ஓர் ஊரின் அல்லது ஓர் ஒன்றியத்தின் தொழில்களை, நன்றாக அமைந்த இரண்டு அறைகளிலும் ஒரு தாழ்வாரத்திலும் காட்டலாம். அச்சிறிய வேலையிலும் எத்துணைச் செய்தி அடங்கியுள்ளது என்பதற்குக் கவலையை எடுத்துக்கொள்வோம். கிணற்றுப் பாசனம் மிகுந்த எங்கள் பகுதியில் அதனை ஓட்டிப் பழகியவர் இன்னும் விரல் விட்டு எண்ணத்தக்க அளவில் இருக்கின்றனர்.

கமலை, கபிலை, கவலை என ஊருக்கு ஊர் பெயர் மாறும் இச்சாதனத்தில் கிணற்று விளிம்பில் நட்ட மரத்தூண்களின் மேல் ஒரு பெரிய உருளையும், கீழே நீர் விழும் தொட்டியை ஒட்டி ஒரு சிறிய உருளையும் இருக்கும். சாலின் வாயில் கட்டிய பருத்த வடக்கயிறு மேலுருளையின் வழியாகச் செல்லும். சாலின் அடியில் தொங்கும் தோல்வாலின் நுனியில் கட்டிய மெல்லிய வால்கயிறு கீழுருளையின் வழியாகச் செல்லும். இரண்டும் மாடுகளின் நுகத்தடியில் சேரும். மாடுகள் சரிவில் இறங்கும்போது இரு கயிறுகளும் ஒரே வேகத்தில் இழுபடுவதால், தோல்வால் மடங்கி மேல்நோக்கியபடியே வரும், நீர் வெளியேறாது. சால் கிணற்று விளிம்பைக் கடந்து மேலுருளையை நோக்கி உயரும்போது, வால்கயிறோ தோல்வாலைத் தாழ்ந்த உருளையின் பக்கம் இழுத்து நீட்டிவிடும். நீர் தானே தொட்டியில் கொட்டும். கிணற்றருகே நின்று சாலைக் கவிழ்க்க ஓர் ஆள் தேவையில்லை. இறங்கும் மாடுகளுக்கு உதவியாக, ஓட்டுபவர் வடக்கயிற்றின் மேல் அமர்ந்து தம் உடல் எடையையும் சேர்ப்பார். பின்னர் மாடுகள் பின்னோக்கி நடந்து மேடேறும்.

இதில் நுட்பம் முழுவதும் இரு கயிறுகளின் நீள அளவில் அடங்கியுள்ளது. வால்கயிறு சற்று நீண்டால் நீர் கிணற்றிலேயே சிந்தும். சற்றுக் குறுகினாலும் இறைப்பு சரிவர நடவாது. கிணற்றின் ஆழத்திற்கேற்ப இதனை முழங்கையால் அளந்து கட்டியவர் எழுத்தறியாதவராக இருந்திருக்கலாம். ஆகவே ஒரு துருப்பிடித்த சாலைச் சுவரில் மாட்டி, ‘பழங்கால நீர் இறைக்கும் கருவி’ என்று அட்டை தொங்கவிட்டால், காட்டியது யாதொன்றுமில்லை. இரு உருளைகளையும் இரு கயிறுகளையும் வைத்து, மூன்றடி உயரத்தில் ஒரு மாதிரி செய்து, பள்ளிச் சிறுவன் தானே இழுத்துப் பார்க்குமாறு அமைத்தால் அவன் ஒரு நாளில் பொறியியலின் முதற்பாடத்தைக் கற்பான். ஊர்த் தச்சர் ஒருவர் இரண்டொரு வாரத்தில் இதனைச் செய்து தருவார்.

அச்சாலைப் பற்றிச் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. முற்காலத்தில் சால் தோலால் தைக்கப்பெற்றது; பின்னர் சால் இரும்புத் தகடாக மாறிய பின்னரும் வால் தோலாகவே இருந்தது. அதனைத் தைத்தவர், பல ஊர்களில், அதே கிணற்றில் நீர் மொண்டு பருக உரிமையற்றவராக இருந்தார். தீண்டாமை 1950இல் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவினால் ஒழிக்கப்பெற்றது. ஊர்களில் அது எளிதில் ஒழியவில்லை என்பதைப் படிப்போர் அறிவர். நமது பொருட்காட்சி சாலையில் இச்செய்தி இடம்பெற வேண்டுமா என்று கேட்போர் இருப்பர். இடம்பெற வேண்டும் என்பதே என் துணிபு. பழைய கிராம வாழ்வைப் பொன்னுலகம்போல் புனைந்து காட்டும் காட்சி சாலையினுள், அவ்வுலகில் துன்புற்றவரின் பேரன் நுழைய விரும்பமாட்டான். அவன் நுழையாத காட்சி சாலை ஊருக்குப் பொதுவானதன்று. தோல் தொழிலாளியின் ஊசியையும் கத்தியையும் தச்சரின் உளி, வாய்ச்சி, துறப்பணம் ஆகியவற்றோடும், கொல்லரின் துருத்தி, சம்மட்டி, குறடு ஆகியவற்றோடும் ஒரே வரிசையில், ஒரே உயரத்தில் வைத்தல் வேண்டும். பறையும் அவ்வாறே. எதனை முன்னறையில் வைப்பது, எதனைத் தாழ்வாரத்தில் வைப்பது என்ற கேள்வி எழும்போது குழுவில் சிலர் தயங்குவதைக் காணலாம். அந்தத் தயக்கத்தை அவ்விடத்திலேயே வெளிப்படையாகப் பேசித் தீர்த்துவிடுதல் நலம்.

அளவைகளிலும் இத்தகைய வரலாறு உண்டு. நம் பழைய வாய்பாட்டில் 360 நெல் ஒரு செவிடு. 5 செவிடு ஓர் ஆழாக்கு. 2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு படி. 8 படி ஒரு மரக்கால் எனும் குறுணி. 2 குறுணி ஒரு பதக்கு. 2 பதக்கு ஒரு தூணி. 3 தூணி ஒரு கலம். கணக்கிட்டால் ஒரு படிக்கு 14,400 நெல் வரும். வாய்பாடு ஒன்றாயினும், படியின் உண்மைக் கொள்ளளவு மாவட்டத்திற்கு மாவட்டம் வேறுபட்டது. 1956ஆம் ஆண்டின் எடையளவைச் சட்டமும் 1958 முதல் படிப்படியாக வந்த மெட்ரிக் முறையும் இக்குழப்பத்தை நீக்கின. ஏழைக் கூலியாளுக்கு இது எத்துணைப் பெரிய காப்பு என்பது, நெல்லாகக் கூலி பெற்ற காலத்தை அறிந்தவர்க்கே விளங்கும். குத்தகை வாங்க ஒரு மரக்கால், கூலி அளக்க வேறொரு மரக்கால் என்னும் முறைகேடு பரவலாக இருந்தது. முத்திரையிட்ட மரக்காலால் அளக்க வேண்டுமென்பது தஞ்சைப் பகுதி விவசாயத் தொழிலாளர் எழுப்பிய கோரிக்கைகளில் ஒன்று. ஒன்றியத்தின் பல ஊர்களிலிருந்தும் பழைய படிகளையும் மரக்கால்களையும் திரட்டி, ஒவ்வொன்றிலும் நீர் கொள்ளும் அளவை லிட்டரில் அளந்து எழுதி வரிசையாக வைத்தால், எந்தச் சொற்பொழிவும் இன்றி இவ்வரலாறு தானே விளங்கும். அடிப்பாகத்தை உட்புறம் உயர்த்திச் செய்த படி கிடைத்தால் அதனைக் கட்டாயம் வைக்க வேண்டும்.

இனி, இன்னும் உயிரோடிருக்கும் தொழில்களைப் பற்றி. மண்பாண்டம், கோரைப்பாய், கூடை முடைதல், கைத்தறி முதலியன குறைந்த அளவிலேனும் நடைபெறுகின்றன. இவற்றைச் செய்வோரைக் காட்சிப்பொருளாக்குவது முறையன்று. அழைத்து வந்து ஒரு மூலையில் உட்கார வைத்து, பார்வையாளர் படம் எடுத்துச் செல்ல, மாலையில் தேநீர்ச் செலவு கொடுத்து அனுப்பும் வழக்கம் சில விழாக்களில் உண்டு. அது அவர்க்கும் நமக்கும் இழிவு. செயல்முறை காட்டும் நாளுக்கு ஒரு நாள் வருவாய்க்குக் குறையாத ஊதியமும், செய்த பொருளை அவ்விடத்திலேயே விற்கும் உரிமையும் தர வேண்டும். குயவருக்கு உண்மையான தொல்லை வாடிக்கையாளரின்மை மட்டுமன்று. களிமண் எடுக்க இடமும் அனுமதியும் கிடையாமை. நெசவாளருக்கு நூல் விலை. காட்சி சாலைக் குழுவில் அவர்கள் உறுப்பினராக இருந்தால் இவை ஒன்றியக் கூட்டத்தின் செவிக்கு எட்டும். குமரப்பாவின் வழி இதுவே. ஹசேலியுஸின் வழியோடு இதனையும் இணைத்தாலன்றி நம் காட்சி சாலை பாதிப் பணியையே செய்ததாகும்.

சேகரிக்கும் முறையைச் சிறிது விரிவாகக் கூறுவேன். பொருளைவிடப் பதிவேடு முதன்மையானது. ஒவ்வொரு பொருளுக்கும் வரிசை எண் இட்டு, கொடுத்தவர் ஊர், பொருளின் வட்டாரப் பெயர், உறுப்புகளின் பெயர்கள், செய்தவர், என்ன மரம் அல்லது உலோகம், எதற்குப் பயன்பட்டது, கடைசியாக எப்பொழுது பயன்பட்டது ஆகியவற்றை எழுத வேண்டும். வட்டாரப் பெயரை நூல்நடைக்கு மாற்றி எழுதிவிடக் கூடாது. கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரச் சொற்களைத் திரட்டி அகராதியாக்கியபோது, எழுத்திலேறாத எத்தனையோ சொற்கள் வெளிச்சத்திற்கு வந்தன. கொழு, மேழி, ஏர்க்கால் என்பன நூலில் உள்ளன. அவற்றை இறுக்கும் சிறு ஆப்பிற்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்பது எந்த நூலிலும் இராமற்போகலாம். முதியோர் சொல்வதைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்தல் இன்று எந்தச் செலவுமில்லாத வேலை. உயர்நிலைப் பள்ளி மாணவர் இருவரையும் ஆசிரியர் ஒருவரையும் அனுப்பினால் போதும். பொருளைக் கையில் கொடுத்துப் பேசச் சொல்ல வேண்டும். வெறும் கேள்வி கேட்டால் ‘அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாயிருந்தது’ என்ற விடையே வரும். கருவி கையில் வந்தவுடன் கை தானே பேசத் தொடங்கும்.

நன்கொடையாகப் பெற்றதா, இரவலாகப் பெற்றதா என்பதை அன்றே எழுத்தில் முடிவு செய்து, கொடுத்தவரிடம் இரசீது தர வேண்டும். வாய்வார்த்தையாக வாங்கிய குத்துவிளக்கினால் பின்னாளில் அண்ணன் தம்பியரிடையே பூசல் எழுந்தால் வழக்கு நம் அலுவலகத்திற்கே வரும். நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிற்பம், ஓவியம், நாணயம், கைவினைப்பொருள் ஆகியவையும், 75 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மதிப்புள்ள ஓலைச்சுவடி, கையெழுத்துப் பிரதி ஆகியவையும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் வரம்பிற்குள் வருவன. மண்ணைத் தோண்டும்போது கிடைத்த பொருளாயின் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். இத்தகையவற்றைக் காட்சி சாலைக்கென ஏற்காமல், வட்டாட்சியர் வழியே அனுப்பிவிடுதல் பாதுகாப்பு.

பாதுகாக்கும் முறையில் பெரும் பகைவர் மூவர்: கரையான், ஈரம், வண்ணப்பூச்சு. முதலிரண்டையும் எல்லோரும் அறிவர். மரப்பொருளைத் தரையில் நேரே வையாமல் கருங்கல்லின் மேல் பலகையிட்டு, சுவரினின்று ஒரு முழம் விலக்கி வைத்து, மாதம் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது பகைவர் நம்மவரே. பெரியோர் எவரேனும் வருகை தருவதாகச் செய்தி கிட்டியவுடன், கையில் அகப்பட்ட அனைத்திற்கும் பெயின்ட் அடித்து மினுக்கும் பழக்கம் நம் அலுவலகங்களில் வேரூன்றியுள்ளது. மேழியில் உழவனின் கை பட்டுத் தேய்ந்து வழவழப்பான இடம் ஒன்றுண்டு. அந்தத் தேய்வே அப்பொருளின் வரலாறு. அதன் மேல் பச்சை வண்ணம் பூசிவிட்டால், கடையில் வாங்கிய கட்டைக்கும் அதற்கும் வேறுபாடில்லை. ஐயம் எழுந்தால் சென்னை அரசினர் பொருட்காட்சி சாலையில் 1930 முதல் இயங்கிவரும் இரசாயனப் பாதுகாப்புப் பிரிவின் ஆலோசனையைப் பெறலாம்.

கட்டிடத்திற்கெனப் பெருந்தொகை ஒதுக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பயன்பாடின்றி உறுதியாக நிற்கும் பழைய பள்ளிக் கட்டிடமோ, தானியக் களஞ்சியமோ, படிப்பகமோ பல ஊர்களில் உண்டு. அதன் ஓட்டுக் கூரையையும் திண்ணையையும் மாற்றாமல் செப்பனிடுதலே போதும். அக்கட்டிடமே முதற் காட்சிப் பொருளாகும். அறுவடை முடிந்து பரண் ஒழிக்கும் தை, மாசி மாதங்களில் சேகரிப்பைத் தொடங்கினால் பொருள் மிகுதியாகக் கிடைக்கும். போகிக்கு முன்னரே ஊரில் தண்டோராப் போட்டோ ஒலிபெருக்கியில் அறிவித்தோ விடுதல் வேண்டும். தீயிலிடுவதற்கென வாசலில் எறிந்த முறமும் மரச்சாமான்களும் அன்று ஒரே நாளில் சாம்பலாகின்றன.

காட்சி சாலையின் சாவி ஒன்றிய அலுவலகத்தில் இருக்கக் கூடாது. பொறுப்பிலிருந்த எழுத்தர் மாறுதலாகிச் சென்றபின் மாதக்கணக்கில் திறவாமல் கிடந்த நல்ல சேகரிப்புகளைக் கண்டிருக்கிறேன். காட்சி சாலைக்கு எதிர்வீட்டில் வசிக்கும் ஒருவரிடம், இயன்றால் அங்குள்ள பொருள்களில் ஒன்றையேனும் தம் கையால் பயன்படுத்திய ஒருவரிடம், அது இருக்கட்டும். அவருக்குச் சிறு தொகையேனும் மாதந்தோறும் தவறாமல் சென்று சேர ஊராட்சித் தீர்மானம் செய்துகொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை மாலையும் ஞாயிறு முழுவதும் திறந்திருத்தல் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வேலைக்குச் செல்வோருக்கும் ஏற்றதாகும்.